உயிலில் மனித உரிமைப் பணிக்கு ஒரு பங்கு: பெங்களூரில் எழுதும் முறை

அல்சூரில் எங்கள் எதிர்வீட்டு அத்தை ஒரு கோடு போட்ட தாளில் உயில் எழுதிக்கொண்டு வந்தார். கடைசி வரி: "மனித உரிமைச் சங்கத்துக்கு ரெண்டு லட்சம்." எந்தச் சங்கம் அத்தை என்றேன். முழித்தார். காரில் 'மனித உரிமை' ஸ்டிக்கர் ஒட்டித் திரிகிறவர்களெல்லாம் அந்தக் காசுக்கு வரிசையில் நிற்பார்களே!

1. சொத்து உங்களுடையதா பாருங்கள். இந்துக்கள் சுயசம்பாத்தியத்தை முழுக்க எழுதலாம். பூர்வீகத்தில் தம் பங்கை மட்டும். முஸ்லிம்கள் வாரிசுகள் சம்மதமில்லாமல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தர்மத்துக்கு எழுதக் கிறிஸ்தவர்களுக்கு இருந்த தனிக் கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2003-லேயே நீக்கிவிட்டது.

2. யாருக்கு என்று பிசகில்லாமல் எழுதுங்கள். அமைப்பின் முழுப்பெயர், பதிவு எண், முகவரி, பான் எண். இரண்டாவதாக இன்னொரு அமைப்பும் வேண்டும். பெங்களூரிலிருந்து இயங்கிய அம்னெஸ்டி இந்தியா, வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதால் 2020 செப்டம்பரில் வேலையை நிறுத்தியதே! அத்தைக்கு நான் எழுதிக் கொடுத்தது:

"கடனும் ஈமச்செலவும் போக மிஞ்சும் என் ரொக்கத்தில் பத்தில் ஒரு பங்கு ____ அமைப்பின் மனித உரிமைப் பணிக்கு. அது அப்போது இயங்காவிட்டால் ____ அமைப்புக்கு."

தொகையைவிடப் பங்கே மேல். ஆஸ்பத்திரிச் செலவில் கையிருப்பு கரைந்தாலும் பிள்ளைகளுக்குக் கை கடிக்காது.

நீங்கள் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரானால், வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அனுமதி அந்த அமைப்புக்கு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

3. கையெழுத்து. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். நீங்கள் கையெழுத்திடுவதை இரண்டு சாட்சிகள் பார்க்க வேண்டும். உங்கள் எதிரிலேயே அவர்களும் போட வேண்டும். உங்களைவிட இளையவர்களாகப் பிடியுங்கள், நாளைக்குக் கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் வேண்டும். காசு பெறப்போகும் அமைப்பின் ஆட்கள் வேண்டாம்.

4. பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. தமிழில் எழுதியிருந்தால், சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்குக் கன்னட அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பும் கொண்டு போங்கள்.

5. உயிலை நிறைவேற்ற ஒருவரை அதிலேயே நியமித்து, அது எந்த பீரோவில் இருக்கிறது என்று சொல்லிவையுங்கள். நாமினியிடமும் பேசுங்கள். வங்கி அவர் கையில்தான் பணத்தைக் கொடுக்கும். ஆனால் அவர் சொந்தக்காரர் அல்ல, உயில்படி ஒப்படைக்க வேண்டியவர். அத்தையின் டெபாசிட்டுக்கு மகன்தான் நாமினி. ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி, காபி கொடுத்து, படித்துக் காட்டினார். "பத்துல ஒண்ணுதானேம்மா" என்றார் அவர்.