புள்ளி போட்ட கியூ பால்: பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூல் ஆட்டத்தில் கியூ என்ற குச்சியால் நேரடியாக அடிக்கும் பந்துதான் கியூ பால். வெறும் வெள்ளைப் பந்து உருள்கிறதா, உருளாமல் துணிமேல் வழுக்கிக்கொண்டு போகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. சிவப்புப் புள்ளிகள் போட்ட கியூ பால் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அராமித் பிராண்டின் ஆறு புள்ளிப் பந்தைத் தொலைக்காட்சிப் போட்டிகளில் பார்த்திருப்பீர்கள். ஆசையாக வாங்கி, ஒரு வாரம் ஆடிப் பார்த்து, பெரிய வித்தியாசம் இல்லை என்று ஒதுக்கி வைப்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அவர்கள் புள்ளிகளைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பார்ப்பதில்லை.

பந்து மோதிய பிறகே பார்ப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். அடித்தவுடன் கண் பாக்கெட்டை நோக்கி ஓடிவிடுகிறது. ஆனால் டிரா ஷாட் (மோதிய கியூ பால் பின்னோக்கித் திரும்பி வரும் அடி) பலிக்குமா என்பது மோதலுக்கு முன்பே முடிவாகிவிடும். கீழே அடித்த பந்து பின்சுழற்சியோடு கிளம்புகிறது. போகப் போகத் துணியின் உராய்வு அந்தச் சுழற்சியைத் தின்றுவிடுகிறது. ஒரு கட்டத்தில் சுழற்சியே இல்லாமல் வழுக்குகிறது, அப்புறம் முன்னோக்கி உருள ஆரம்பிக்கிறது. “கீழேதானே அடித்தேன், ஏன் திரும்பி வரவில்லை?” என்று நானும் ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன். பாதி வழியிலேயே சுழற்சி செத்துப்போனதைப் புள்ளிகள்தான் எனக்குக் காட்டின.

இதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். எதிரே எந்தப் பந்தும் வைக்காதீர்கள். கியூ பாலை மட்டும் வைத்து, நடுவுக்குக் கீழே மிதமான வேகத்தில் அடியுங்கள். புள்ளிகள் பின்னால் சுழலும், ஒரு கணம் அசையாமல் நிற்கும், பிறகு முன்னால் சுழலும். அசையாமல் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பந்தை வைத்து, அதே அடியை நேராக அடித்தால் ஸ்டாப் ஷாட், அதாவது கியூ பால் மோதிய இடத்திலேயே நிற்கும். அதற்கு முன்னால் வைத்தால் டிரா, தாண்டி வைத்தால் ஃபாலோ, அதாவது மோதிய பிறகும் முன்னே போகும். வேகத்தைக் கூட்டிக் குறைத்து இதை 20 தடவை செய்தாலே, டிரா பற்றிய பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். ஓங்கி மட்டும் அடிக்காதீர்கள்; புள்ளிகள் கோடுகளாகக் கலங்கிவிடும், ஒன்றும் தெரியாது.

அடுத்தது, புள்ளியையே குறியாக வைத்து அடிப்பது. ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் புள்ளிகள் வேறு வேறு இடத்தில் நிற்கும். நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் ஒரு புள்ளி தெரிந்தால், கண் அதில் ஒட்டிக்கொள்ளும், கியூவின் நுனியான டிப்பும் அங்கேயே போகும். நீங்கள் நினைக்காத சைடு ஸ்பின் (பக்கச் சுழற்சி) சேர்ந்துவிடும். அதனால் பயிற்சிக்குப் பந்தைக் கையால் வைக்கும்போது, ஒரு புள்ளியைச் சரியாக நடுவில் உங்களைப் பார்த்தபடி திருப்பி வையுங்கள். அடித்த பிறகு பந்தை எடுத்து, சாக் (டிப்பில் தடவும் பொடி) படிந்த தடம் அந்தப் புள்ளிக்கு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். 57.15 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்தில், நடுவிலிருந்து சுமார் 14 மில்லிமீட்டர் தாண்டினால் டிப் வழுக்கி மிஸ்கியூ ஆகிவிடும். நீங்கள் நினைத்த இடத்துக்கும் தடம் விழுந்த இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். பார்த்த பிறகு தடத்தைத் துடைத்துவிடுங்கள். சாக் ஒட்டிய இடம் இன்னொரு பந்தில் பட்டால், அந்தப் பந்து சரியான கோணத்தில் போகாது.

மேசையின் ரப்பர் விளிம்பான குஷனில் பட்டு வந்த பந்து பக்கவாட்டில் சுழல்வதைப் பார்த்து, “என் ஸ்ட்ரோக் (கியூவை வீசும் விதம்) கோணல்” என்று முடிவு கட்டுவதும் சரியில்லை. சைடு ஸ்பின் இல்லாமல் சாய்வாகப் போன பந்துக்கும் குஷனே கொஞ்சம் சுழற்சி கொடுத்து அனுப்பும். ஸ்ட்ரோக்கைச் சோதிக்க, குஷனைத் தொடும் முன் பாருங்கள். அதற்கு ஆறு புள்ளிப் பந்தைவிட, சுற்றிலும் நிறப்பட்டை போட்ட பட்டைப் பந்து மேல் என்பது என் கருத்து. பட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, அடிக்கும் திசைக்கு நேராக வைத்து, நீளவாக்கில் அடியுங்கள். பட்டை தள்ளாடினால் சைடு ஸ்பின் சேர்ந்திருக்கிறது.

போனில் படம் பிடித்துப் பார்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நொடிக்கு 2.7 மீட்டர் வேகத்தில் உருளும் பந்து நொடிக்கு ஏறக்குறைய 15 சுற்று சுற்றும். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் அது படத்துக்கு அரைச் சுற்று. எதிரெதிராக இருக்கும் புள்ளிகள் இடம் மாறி நிற்பதால், உருளும் பந்து வழுக்குவது போலவே தெரியலாம். ஸ்லோ மோஷனில், 240 படம் வைத்து எடுங்கள்.

வாங்கும்போது எடையையும் பாருங்கள். பூல் பந்தின் எடை 156 முதல் 170 கிராம் வரை இருக்கலாம். மற்ற பந்துகள் தேய்ந்து இலேசாகி, கியூ பால் மட்டும் புதிதாகக் கனமாக இருந்தால், ஸ்டாப் ஷாட்டிலும் அது சற்று முன்னே நகரும். அந்த நகர்வைச் சரிசெய்யப் போய், நல்ல ஸ்ட்ரோக்கையும் கெடுத்துக்கொள்வீர்கள். அப்புறம், பயிற்சியின் கடைசிக் கால் மணி நேரமாவது சாதாரண வெள்ளைப் பந்தில் அதே ஷாட்களை அடியுங்கள். புள்ளி இல்லாதபோதும் பந்து எந்த இடத்தில் வழுக்குவதை விட்டு உருளத் தொடங்குகிறது என்று ஊகித்துச் சொல்லிப் பாருங்கள்; மறுபடி புள்ளிப் பந்தை வைத்துச் சரிபாருங்கள்.