ஒருநாள் மிக்ஸட் மீடியா பட்டறை: முந்தின நாளே முடிக்க வேண்டிய வேலைகள்

ஒட்டிய தாள், வண்ணம், வண்ணக்குச்சி எனப் பலவற்றையும் ஒரே படத்தில் சேர்ப்பதுதான் மிக்ஸட் மீடியா. அதற்கான பட்டறை நடத்துபவர்களுக்காக, பத்துப் பேர், காலை 10 முதல் மாலை 5 வரை, ஆளுக்கு ஒரு படம் என்ற கணக்கில் எழுதுகிறேன். பிரஷ், தட்டு, தண்ணீர் டப்பா எல்லாம் உங்களுக்கே தெரியும். பட்டறை சொதப்புவது பெரும்பாலும் ஈரம் காயாததால்தான்.

பலகை

A4 அளவில் 3 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), உதிரியோடு 12. கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். கான்வாஸைவிட இதுதான் என் தேர்வு. தாளை ஒட்டி அழுத்தும்போது அடியில் குழியாது. ஓரங்களை 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிட்டு ஜெஸ்ஸோ (வண்ணம் பிடிக்க அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) பூசுங்கள். முதல் பூச்சு குறுக்கே; அது காய்ந்ததும் இரண்டாவது நெடுக்கே. பின்பக்கமும் ஒரு பூச்சு வேண்டும். ஒருபக்கம் மட்டும் ஈரம் ஏறினால் பலகை வளைந்துவிடும். அரை லிட்டர் ஜெஸ்ஸோ தாராளம். இதை முந்தின நாள் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்றால் இன்னும் ஒருநாள் முன்னதாக.

மேடுபள்ளம் வேண்டுமானால் மாடலிங் பேஸ்ட்டையும் (காய்ந்தால் இறுகும் கெட்டியான விழுது) அன்று மாலையே தடவிவிடுங்கள், 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். தடியாக அப்பினால் மேலே தோல் கட்டி, உள்ளே ஈரம் நின்று, பிறகு வெடிக்கும். ஹேர் டிரையரைச் சூடாகப் பிடித்தாலும் கொப்புளம் வரும். குளிர்காற்றில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும்.

தாள் ஒட்டுதல்

எல்லோரும் தடுமாறுகிற இடம் இது. பசை பட்டதும் தாள் விரியும். விரிவதற்குள் ஒட்டினால், பலகையில் இருக்கும்போதே விரிந்து சுருக்கம் விழும். அதனால் தாளின் பின்பக்கம் பசை தடவி ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். அதற்குள் பலகையிலும் மெல்லிசாகப் பசை தடவுங்கள். தாளை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு, பழைய ஏடிஎம் கார்டால் வழித்துத் தள்ளுங்கள். பிதுங்கும் பசையை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். காய்ந்த பசைமேல் நீர்த்த வண்ணம் சரியாகப் பிடிக்காமல் திட்டுத் திட்டாகத் தெரியும்.

ஃபெவிகால் போதும். சாதாரணத் தாளுக்கு இரண்டு பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர், டிஷ்யூ தாளுக்குச் சரிபாதி. டிஷ்யூவில் மட்டும் பசையைப் பலகையில் தடவி, தாளை மேலே போட்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். தாளில் தடவினால் கிழியும்.

படங்களை லேசர் பிரிண்டாகவோ ஜெராக்ஸாகவோ எடுத்து வரச் சொல்லுங்கள். இங்க்ஜெட் பிரிண்ட் பசை பட்டதும் பெரும்பாலும் கரைந்து ஓடும். செய்தித்தாளை நேரடியாக ஒட்டினால் நாளடைவில் பழுப்பேறும். அதையும் நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வதே மேல்.

அன்றைய வரிசை

பதினொன்றரைக்குள் ஒட்டும் வேலை முடிய வேண்டும். பிறகு அரட்டை, சாப்பாடு, எதுவானாலும் சரி, இரண்டு மணி வரை பலகையை யாரும் தொடக்கூடாது. அதன்பின் அக்ரிலிக் (தண்ணீரில் கலக்கும் வண்ணம்). வெள்ளை, கறுப்பு, மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்), கிரிம்சன் (அடர்சிவப்பு), அல்ட்ராமரைன் (அடர்நீலம்) என ஐந்து போதும். வெள்ளை மட்டும் இரட்டிப்பாக வாங்குங்கள், எப்போதும் அதுதான் முதலில் தீரும். பெட்டி பெட்டியாக 24 நிறம் கொடுத்தால் கலக்கவே கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

ஆயில் பேஸ்டல் (எண்ணெய் கலந்த வண்ணக்குச்சி) கடைசி அரை மணியில்தான். எண்ணெய்ப்பசை மேல் அக்ரிலிக் பிடிக்காது, நகம் பட்டாலே உரியும். ஆரம்பத்திலேயே பெட்டியை மேசையில் வைத்தால் யாராவது ஒருவர் எடுத்துத் தீட்டிவிடுவார், ஆகவே ஒளித்து வையுங்கள்.

பிற்சேர்க்கை

எப்படி வீட்டுக்கு எடுத்துப்போவது என்று பலரும் கேட்டிருந்தார்கள். தொட்டுப் பார்க்கக் காய்ந்திருந்தாலும், இரண்டு அக்ரிலிக் படங்களை முகத்தோடு முகம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். கேக் செய்யப் பயன்படும் பேக்கிங் ஷீட்டை இடையில் வையுங்கள். ஆயில் பேஸ்டல் தீட்டிய படத்துக்கு அது போதாது, தேய்ந்துவிடும். நாலு மூலையிலும் அட்டைத்துண்டு ஒட்டி, மேலே இன்னொரு அட்டையை வைத்துக் கட்டிக்கொடுங்கள்.