காப்ஸ்யூலை விழுங்கியாச்சா? ஐந்து நாள் வயிற்றை அதன் போக்கில் விடுங்கள்

பெங்களூரில் குடல் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அல்சூர், ஸ்ரீராமபுரம் தொடங்கி ஓசூர் வரை நம் ஆட்கள் வருகிறார்கள். காப்ஸ்யூல் சோதனைக்குக் கையில் கொடுக்கும் குறிப்புத் தாள் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இருக்கும். மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். பிறகு எல்லாரும் அதே தப்புகளைத்தான் செய்கிறார்கள்.

தீராத மலச்சிக்கலுக்கு எழுதித் தரும் சோதனை இது. காப்ஸ்யூலுக்குள் எக்ஸ்ரேயில் தெரிகிற 24 குட்டி வளையங்கள். விழுங்கிய ஐந்தாம் நாள் வயிற்றுக்கு ஒரு எக்ஸ்ரே. ஐந்தோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சினால் குடலின் வேகம் சரி. அதற்கு மேல் பெருங்குடல் முழுக்கச் சிதறிக் கிடந்தால் குடல் மந்தம். மலக்குடல் பக்கம் குவிந்து நின்றால், முக்கும்போது தளர வேண்டிய தசை தளரவில்லையோ என்று சந்தேகம் வரும். அதற்கு வேறு சோதனை உண்டு.

நடுவில் பேதிக்குச் சாப்பிடுவது

இதற்குத்தான் எனக்கு இன்னும் கோபம் வரும். ஒரு பெரியவர், நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் போகிறவர். ஐந்தாம் நாள் படத்தில் ஒரு வளையம்கூட இல்லை.

"ஐயா, நடுவுல மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"தொடவே இல்லை தம்பி."

பின்னால் நின்ற அம்மா சொன்னார்: "ராத்திரி நிலாவரைப் பொடி மட்டும் வெந்நீர்ல கலந்து குடுத்தேன். அது நாட்டுப் பொடிதானே, மருந்தா என்ன?"

மருந்தேதான். கடையில் விற்கும் பல பேதி மாத்திரைகளில் இருப்பதும் நிலாவரையின் சத்துதான். விளக்கெண்ணெய், திரிபலா, எனிமா, ஆசனவாயில் வைக்கும் மாத்திரை எல்லாமே கணக்கில் சேரும். அந்த அம்மா வாய் திறக்காமல் இருந்திருந்தால் 'குடல் வேகம் இயல்பு' என்று அறிக்கை போயிருக்கும். அதை நம்பி மருத்துவர் வேறு பக்கம் தேடியிருப்பார். பெரியவருக்கு மறுபடி காப்ஸ்யூல், மறுபடி எக்ஸ்ரே, மறுபடி காசு, கூட வருகிற மகனுக்கு மறுபடி லீவு. இரண்டாவது படத்தில் பாதிக்கு மேல் வளையங்கள் குடல் நெடுகச் சிதறிக் கிடந்தன.

ஐந்து நாள் தாங்காது என்று தோன்றினால் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். நடுவில் வலி அதிகமானாலோ வாந்தி வந்தாலோ பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம், உடனே போன் செய்யுங்கள். தாங்காமல் எதையாவது சாப்பிட்டுவிட்டால் எக்ஸ்ரேக்கு முன் சொல்லிவிடுங்கள். திட்டுவோம், ஆனால் படம் தப்பாகப் படிக்கப்படாது.

திடீர் பத்தியம்

சோதனை என்றதும் கஞ்சிக்கு மாறுகிறவர்கள் உண்டு, ஓட்ஸுக்குத் தாவுகிறவர்களும் உண்டு. வழக்கமாக என்ன சாப்பிடுவீர்களோ அதையே சாப்பிடுங்கள்.

மற்ற மாத்திரைகளை மறைப்பது

இரும்புச்சத்து மாத்திரையும் சில வலி மாத்திரைகளும் குடலை மந்தமாக்கும். பட்டியலோடு வாருங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

கிழமை பார்க்காமல் விழுங்குவது

விழுங்கிய நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது; செவ்வாய் விழுங்கினால் ஐந்தாம் நாள் ஞாயிறு. எக்ஸ்ரே அறை திறந்திருக்குமா என்று முதலில் கேளுங்கள்.

கர்ப்பம்

சந்தேகம் இருந்தாலே சொல்லுங்கள்.

வளையத்தைத் தேடுவது

வேண்டாம். தானாக வெளியேறிவிடும்.

இதை வைத்தே நிம்மதியாவது

இந்தப் படம் வேகத்தை மட்டும்தான் காட்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது என்றிருந்தால் கொலோனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயால் பெருங்குடலுக்குள் பார்ப்பது) பற்றித் தனியாகக் கேளுங்கள்.