ரத்தக்கறையை நிரந்தரமாக்கும் தவறுகள்

எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீர் நன்றாக வேலை செய்யும். அதே பழக்கத்தில் ரத்தம் பட்ட வேட்டியையும் படுக்கை விரிப்பையும் வெந்நீரில் முக்கிவிடுகிறோம். கறை போகாமல் தங்கிவிட முதல் காரணம் இதுதான். ரத்தத்தில் புரதம் அதிகம். சூடு பட்டால் அது முட்டையின் வெள்ளைக்கரு போல நூலிழைக்குள்ளேயே இறுகிவிடும். அதனால் குளிர்ந்த தண்ணீர்தான் சரி. கறையின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விழும்படி துணியைத் திருப்பிப் பிடித்து அலசினால், ரத்தம் வந்த வழியே வெளியேறும். சித்திரை, வைகாசி மதியங்களில் மாடித்தொட்டித் தண்ணீர் குழாயிலேயே சுடச்சுட வரும். அப்போது குடத்துத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாஷிங் மெஷினிலும் இதே கவனம் வேண்டும். 40, 60 டிகிரி என்று தண்ணீரைச் சூடாக்கும் முறையில் ஓடவிட வேண்டாம். கறை முழுதாகப் போனதா என்று ஈரத்திலேயே பார்த்துவிடுங்கள். லேசாக மிச்சம் இருந்தாலும் இஸ்திரி போடக் கூடாது, மறுபடி அலசுங்கள்.

அடுத்தது தாமதம். இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. மாதவிடாய்க் கறை பட்ட உடையை யாரும் பார்க்கக் கூடாது என்று சுருட்டி மூலையில் ஒளித்து வைக்கும் பெண்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு நாளில் கறை காய்ந்து பழுப்பேறிவிடும். புதுக்கறை ஐந்து நிமிட அலசலில் போய்விடக்கூடியது. ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டு உடனே ஊறவைக்கலாம் என்று வீட்டில் வெளிப்படையாகச் சொல்லிக்கொடுங்கள்.

பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் கெடுதல். கறை பரவும், துணியும் நைந்துபோகும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றியெடுங்கள். மெத்தைக்கு இது இன்னும் முக்கியம்: தண்ணீரை ஊற்றினால் ரத்தம் பஞ்சுக்குள் இறங்கிவிடும், ஈரமும் காயாது. நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றுவதே போதும்.

காய்ந்த கறைக்கு என்சைம் கலந்த சோப்புத்தூள் நல்லது. ஆனால் போட்டவுடன் அலசிவிடக் கூடாது. அந்த என்சைம் புரதத்தைச் சிறுகச் சிறுக உடைக்க நேரம் பிடிக்கும், சில மணி நேரமாவது ஊற வேண்டும். பட்டுக்கும் கம்பளிக்கும் மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். அந்த இழைகளும் புரதம்தான். கறையோடு சேர்த்துத் துணியையும் அரிக்கும். பட்டுப்புடவையில் பட்டால் குளிர்ந்த நீரால் மெல்ல ஒற்றிவிட்டு டிரை கிளீனிங் கடைக்குக் கொடுங்கள். அது ரத்தக்கறை என்று மறக்காமல் சொல்லுங்கள்.

வெள்ளைப் பருத்திக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். சம அளவு தண்ணீர் கலந்தால் 3 சதவீதமாகும். ஊற்றியதும் பொங்கும், பயப்பட வேண்டாம்: ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. சாயத் துணியை வெளுத்துவிடும் என்பதால் முதலில் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

பிளீச்சிங் பவுடரை நம்ப வேண்டாம். ரத்தத்தில் உள்ள இரும்பு விட்டுப்போகும் துருநிறத்தை அது போக்காது. வேகம் போதவில்லை என்று அதோடு கழிவறை ஆசிட்டையோ வினிகரையோ கலந்தால் நச்சுவாயு கிளம்பும், நுரையீரலுக்கே ஆபத்து.

காயத்துக்கு மஞ்சள் வைத்திருந்த துணியில் சோப்புப் போட்டதும் சிவப்பு கூடினால் பதற வேண்டியதில்லை. சோப்பின் காரம் பட்டு மஞ்சள்தான் சிவக்கிறது. முதலில் ரத்தத்தைக் குளிர்ந்த நீரில் போக்குங்கள். மிச்ச மஞ்சள் கறை வெயிலில் காயப்போட்டால் மங்கிவிடும். வேறொருவரின் ரத்தம் பட்ட துணி என்றால் கையுறை போட்டுக்கொண்டு தனியாக அலசுங்கள்.