18.2 கிலோஹெர்ட்ஸைப் பிடிக்க ஒரு ஃபெரைட் தண்டு ஆன்டெனா

நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. 1990இல் தொடங்கப்பட்ட இது, நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக 18.2 கிலோஹெர்ட்ஸில் அலைபரப்புகிறது. இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண் என்பதால் நமக்கு ஒரு வசதி உண்டு: ரேடியோப் பெட்டியே வேண்டாம். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் சாதாரண யுஎஸ்பி ஒலி அட்டை, 24 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்கும். ஆன்டெனாவைச் செய்து அதன் மைக் துளையில் செருகினால் போதும். செய்தி சங்கேத மொழியில் போகிறது. அது நம் வேலை அல்ல. அலை எவ்வளவு வலுவாக வருகிறது என்பதை மட்டுமே பார்க்கப் போகிறோம்.

18.2 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறக்குறைய 16.5 கிலோமீட்டர். கால் அலைநீளத்துக்குக் கம்பி கட்ட வேண்டுமென்றால் நான்கு கிலோமீட்டர் வேண்டும். அதனால் அலையின் காந்தப் பக்கத்தைப் பிடிக்கிறோம். ஃபெரைட் தண்டு சுற்றிலும் உள்ள காந்தப் புலத்தைத் தன்வழியே இழுத்துச் சுருளுக்குள் செலுத்துகிறது. ஒரு சாண் தண்டு போதுமா என்று புதியவர்கள் தயங்குவார்கள். போதும். இந்த அலைவரிசையில் உலகெங்கும் வெட்டும் மின்னல்களின் இரைச்சலே பெரிது. ஆன்டெனாவைப் பெரிதாக்கினால் அதுவும் சேர்ந்து பெருகும். காரியத்தைக் கெடுப்பது ஆன்டெனாவின் அளவு அல்ல, வீட்டின் மின்சார இரைச்சல். கீழே சொல்வதெல்லாம் அதை மனத்தில் வைத்துத்தான்.

தண்டும் சுருளும்

பழைய மீடியம் வேவ் டிரான்சிஸ்டர் ரேடியோவில் 10 மில்லிமீட்டர் தடிமனில் கருப்புத் தண்டு இருக்கும். சென்னை ரிச்சி தெருவிலும் தேடிப் பார்க்கலாம். 20 சென்டிமீட்டர் நீளம் கிடைத்தால் விடாதீர்கள். தடிமனைவிட நீளம் முக்கியம். கீழே விழுந்தால் கண்ணாடிபோல் உடையும், கவனம்.

தண்டின்மீது தடித்த தாளைக் குழாயாகச் சுருட்டி ஒட்டுங்கள். குழாய் தண்டின்மேல் வழுக்கி நகர வேண்டும். பின்னால் ட்யூன் செய்ய அதுதான் வழி. அதன்மேல் 0.2 மில்லிமீட்டர் எனாமல் செப்புக் கம்பியை 5 சென்டிமீட்டர் அகலத்துக்குள் 300 சுற்று சுற்றுங்கள். ஏறத்தாழ 11 மீட்டர் கம்பி பிடிக்கும். ஒரே அடுக்கில் அடங்காது; முதல் அடுக்கின்மேல் ஒரு சுற்று செலோ டேப் ஒட்டிவிட்டு, சுற்றும் திசையை மாற்றாமல் தொடங்கிய ஓரத்துக்கே திரும்பி வாருங்கள். எண்ணிக்கையில் ஐந்தாறு பிசகினால் குடி முழுகிவிடாது. கம்பி நுனியில் உள்ள எனாமலை உப்புத்தாளால் பளபளவென்று சுரண்டாவிட்டால்தான் வம்பு. ஈயம் ஒட்டியதுபோல் தோன்றும், இணைப்பு இருக்காது.

சுருளின் இரு முனைகளுக்குக் குறுக்கே 8.2 நானோஃபாரட் பாலியஸ்டர் கன்டென்சரை வையுங்கள். அதன்மேல் 822 என்று அச்சிட்டிருக்கும். 300 சுற்றுக்குச் சுமார் 9 மில்லிஹென்றி வரும் என்பது என் கணக்கு. இரண்டும் சேர்ந்தால் 18.2க்கு அருகே ஒத்ததிர்வு (ரெசொனன்ஸ்) கிடைக்கும், அதாவது அந்த அதிர்வெண்ணை மட்டும் சுருள் எடுப்பாகப் பிடிக்கும். செராமிக் வில்லைகளைத் தவிர்த்துவிடுங்கள், மாடி வெயிலில் அவற்றின் மதிப்பு நகர்ந்துவிடும்.

நேரடியாகச் செருகக் கூடாது

பலர் கோட்டை விடும் இடம் இது. ஒத்ததிர்வில் இந்தச் சுருளின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) ஒரு லட்சம் ஓம் அளவுக்கு ஏறும். மைக் உள்ளீடோ சில ஆயிரம் ஓம். நேரே கோத்தால் ஒத்ததிர்வின் கூர்மை முழுவதும் படுத்துவிடும். நடுவே ஒரு ஃபெட் டிரான்சிஸ்டர் வேண்டும். கல்லூரி ஆய்வகங்களில் புழங்கும் பிஎஃப்டபிள்யூ 10 தாராளமாகப் போதும்.

கேட், டிரெயின், சோர்ஸ் என்பவை டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள்; தரை என்பது பேட்டரியின் மைனஸ். சுருளின் ஒரு முனை கேட்டுக்கு, மறு முனை தரைக்கு. கேட்டுக்குத் தனி ரெசிஸ்டர் தேவையில்லை, சுருளே அந்த வேலையைச் செய்கிறது. டிரெயினுக்கு 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ். சோர்ஸிலிருந்து தரைக்கு 2.2 கிலோ ஓம். சோர்ஸிலிருந்தே 1 மைக்ரோஃபாரட் கன்டென்சர் வழியாக வெளியீடு. மைக் துளையில் வரும் நேர்மின்னழுத்தத்தை அது தடுக்கும். பேட்டரிக்குக் குறுக்கே 104 என்று அச்சிட்ட ஒரு கன்டென்சர். பிஎஃப்டபிள்யூ 10க்கு நான்காவது கால் ஒன்று உண்டு. அது உலோக உறை, அதையும் தரையில் சேர்த்துவிடுங்கள். மீட்டரில் சோர்ஸில் சில வோல்ட் காட்டினால் சுற்று உயிரோடு இருக்கிறது. செல்போன் சார்ஜரிலிருந்து மின்சாரம் எடுக்கும் யோசனை வேண்டவே வேண்டாம்.

சுருளைச் சுற்றி அலுமினியத் தாள் போர்த்தினால் மின்புல இரைச்சல் குறையும். ஆனால் தாளின் இரு விளிம்புகளும் தொடாமல் நீளவாக்கில் இடைவெளி விட வேண்டும். தொட்டுவிட்டால் அதுவே ஒரு குறுக்குச் சுற்றாகிச் சுருளை ஊமையாக்கிவிடும். தண்டை உலோக வளையத்தால் இறுக்கினாலும் இதே கதிதான்.

ட்யூன் செய்வது

ஸ்பெக்ட்ரம் லேப் என்ற இலவச மென்பொருளை நிறுவி, மாதிரி வேகத்தை 48,000 என்று வையுங்கள். விண்டோஸில் மைக்கின் இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். அவை மனிதக் குரலைத் தவிர மற்றதையெல்லாம் குப்பை என்று அள்ளிக் கொட்டிவிடும்.

சிக்னல் ஜெனரேட்டர் தேவையில்லை. திரையில் பின்னணி இரைச்சல் ஓரிடத்தில் மேடுபோல் புடைத்திருக்கும். சுருள் ஒத்ததிரும் இடம் அதுதான். தாள் குழாயைத் தண்டின் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல நகர்த்துங்கள், மேடு வலப்பக்கம் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். நடுவில் இருக்கும்போதே மேடு 18.2ஐத் தாண்டி நின்றால் 471 என்று அச்சிட்ட சிறு கன்டென்சர் ஒன்றை 822க்கு இணையாகச் சேர்த்து இறக்குங்கள். இடம் பொருந்தியதும் ஒரு சொட்டு மெழுகால் குழாயை நிறுத்திவிடலாம்.

திருப்புவது

தண்டு நிலையத்தின் திசைக்குச் செங்குத்தாகக் கிடந்தால்தான் சிக்னல் உச்சம். சென்னையிலும் மதுரையிலும் நிலையம் ஏறக்குறையத் தெற்கே என்பதால் தண்டு கிழக்கு மேற்காகப் படுக்க வேண்டும். கொழும்பில் இருப்பவர்களுக்கு நிலையம் வடமேற்கே. தண்டு வடகிழக்கு தென்மேற்காக. ஆனால் உச்சம் மழுங்கியது. இருபது டிகிரி பிசகினாலும் சிக்னல் அவ்வளவாகக் குறையாது. கூர்மையானது பூச்சியம்: தண்டின் முனை எதைச் சுட்டுகிறதோ அது மறையும். ஆகவே நிலையத்தைத் துரத்தாமல், தொல்லை தரும் எல்இடி விளக்கையோ இன்வெர்ட்டரையோ நோக்கித் தண்டின் முனையைத் திருப்பிப் பாருங்கள். மடிக்கணினியின் சார்ஜரையும் பிடுங்கிவிடுங்கள்.

ஓடும் திரையில் எது எது என்று தெரிய வேண்டும். கணநேரத்தில் எல்லா அலைவரிசைகளையும் வெட்டிக்கொண்டு போகும் கோடு மின்னல். தடித்து, அங்குமிங்கும் அலையும் பட்டை சார்ஜர் வகையறா. இடம் மாறாமல் சீராக ஓடும் மெல்லிய பட்டைதான் நிலையம். 18.2இல் ஒன்றும் இல்லையென்றால் உடனே சுருளைப் பிரிக்காதீர்கள், நிலையம் ஓய்வில் இருக்கலாம். 19.8 கிலோஹெர்ட்ஸில் பாருங்கள்: மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் அருகே உள்ள என்டபிள்யூசி நிலையம், ஒரு மெகாவாட் ஆற்றல் கொண்டது. அதற்கு 822ஐக் கழற்றி 682ஐ வைத்து, தண்டை வடகிழக்கு தென்மேற்காகத் திருப்புங்கள். பகலில் சூரியச் சுடர் வெடித்தால் அதன் எக்ஸ் கதிர்கள் அயனி மண்டலத்தின் அடிப்பகுதியை மாற்றும். அப்போது அந்தப் பட்டையின் வலிமை சட்டென்று மாறி, பிறகு மெதுவாகப் பழைய நிலைக்கு வரும். அதைப் பதிவு செய்ய விரும்பினால், முதலில் 19.8இன் வலிமையை மட்டும் ஒரு நாள் முழுக்கச் சேமித்து, சூரிய உதயத்திலும் மறைவிலும் கோடு எப்படி வளைகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.