ஊசியின் காதைப் பெரிதாக்க வேண்டாம்

ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்துக்குள் போவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னதை மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதியிருக்கிறார்கள். நித்திய ஜீவனைத் தேடி வந்த ஒரு பணக்காரன், உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடு என்று கேட்டதும் துக்கத்தோடு போய்விட்டான்; அப்போது சொன்ன வார்த்தை இது. அதை விளக்கும்போது நாம் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

முதலில் அந்த வாசல் கதை. எருசலேமில் 'ஊசியின் காது' என்று ஒரு சின்ன வாசல் இருந்ததாம்; சுமையை இறக்கிவிட்டு முழங்காலிட்டால் ஒட்டகம் உள்ளே போய்விடுமாம். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு நானே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் இயேசுவின் காலத்தில் அப்படியொரு வாசல் இருந்ததற்குச் சான்று இல்லை. இடைக்கால உரைகளில்தான் இந்த விளக்கம் தலைகாட்டுகிறது. இன்னும் சிலர், கிரேக்கத்தில் 'கமேலோஸ்' ஒட்டகம், 'கமிலோஸ்' கயிறு, எழுத்து மாறிவிட்டது என்பார்கள். மிகப் பழைய பிரதிகளில் ஒட்டகம்தான் இருக்கிறது. சரி, கயிறு என்றே வைத்துக்கொண்டாலும், வடக்கயிறு ஊசியில் கோக்குமா? யூத ரபிமாரின் போதனைத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதில் யானை ஊசியின் காதில் நுழைவதாக ஒரு வழக்கு உண்டு. நடக்கவே நடக்காததைச் சொல்லும் யூதப் பேச்சு முறை அது. வாசலைக் கட்டிவிட்டால், கொஞ்சம் குனிந்து முயன்றால் போதும் என்றாகிவிடும். இயேசு சொன்னதோ, மனுஷரால் கூடாது, தேவனால் எல்லாம் கூடும் என்பது.

அடுத்தது, இது பணக்காரர் பிரச்சினை, நமக்கென்ன என்று இருந்துவிடுவது. அன்று திகைத்துப்போனது சீஷர்கள். வலையையும் படகையும் விட்டு வந்தவர்கள் அவர்கள். செல்வம் தேவ ஆசீர்வாதத்தின் அடையாளம் என்று எண்ணி வளர்ந்த மக்கள். பணக்காரனுக்கே முடியாதென்றால் யார்தான் இரட்சிக்கப்படுவார்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நாமும் அடக்கம்.

அந்தப் பணக்காரன் கேட்ட கேள்வியையும் நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். நித்திய ஜீவனைச் சுதந்தரிக்க நான் என்ன செய்ய வேண்டும் என்கிறான். சுதந்தரம் என்பது தகப்பன் தருவது. அதை யாரும் கூலிக்குச் சம்பாதிப்பதில்லை. மூன்று சுவிசேஷங்களிலும் இதற்குச் சற்று முன்னால் இயேசு சிறு பிள்ளைகளை அழைக்கிறார். கொண்டுவர அவர்கள் கையில் ஒன்றுமில்லை. இவனோ கட்டளைகளைச் சிறுவயது முதல் கைக்கொண்டதாகச் சொல்லிக்கொண்டு வருகிறான்.

இதில் இன்னொரு சறுக்கலும் உண்டு. எல்லாவற்றையும் விற்றுக் கொடுத்தால் அதுவே இரட்சிப்பின் விலை என்று நினைப்பது. லூக்காவின் அடுத்த அதிகாரத்தில் சகேயு வருகிறான், எரிகோவின் ஆயக்காரர் தலைவன், அதாவது வரி வசூலிப்போரின் தலைவன், பணக்காரன். அவன் பாதியைத்தான் ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னான். அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புவதாகவும் சொன்னான். அதையெல்லாம் சொல்வதற்கு முன்பே, தம்மைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்தவனை இயேசு பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்.

கத்தோலிக்கர் கிரியையை, அதாவது நற்செயல்களை, நம்புகிறார்கள், நாம் கிருபையை நம்புகிறோம் என்று பிரசங்கத்தில் பொத்தாம்பொதுவாகச் சொல்வதையும் தவிர்க்கலாம். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 1517-இல் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் குரல் எழுப்பியது உண்மை. ஆனால் 1999-இல் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும், நம் தகுதியினால் அல்ல, கிருபையினால்தான் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று ஒன்றாகக் கையெழுத்திட்டன.

அப்புறம், கிருபைதான் போதுமே என்று பணப்பையை இறுக்கி மூடிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மனிதன் துக்கத்தோடு போனான். அவனைப் பார்த்து இயேசு அன்புகூர்ந்தார் என்று மாற்கு மட்டும்தான் எழுதுகிறார். எல்லாவற்றையும் விற்று ஏழைகளுக்குக் கொடு என்ற சொல் அந்த அன்பிலிருந்துதான் வந்தது.