தேநீர்க் கோப்பை ஏன் ஐந்து?

ஜப்பானில் பீங்கான் கடைக்குப் போய் தேநீர்க் கோப்பை செட் ஒன்றைத் திறந்தால் பெரும்பாலும் ஐந்துதான் இருக்கும். நம்மூர் ஆறு கோப்பைக் கணக்கோடு போன என் மனைவி, "ஒன்றைக் காணோமே" என்று கடைக்காரம்மாவிடமே கேட்டுவிட்டாள். அவர் பதறிப்போய் எண்ணிப் பார்த்தார், ஐந்தும் சரியாக இருந்தன. தட்டு, கிண்ணம் எல்லாமே இப்படித்தான். இங்கே நல்ல காரியங்களுக்கு ஒற்றைப்படை. கணவன் மனைவி ஜோடிக் கோப்பை மட்டும் விதிவிலக்கு.

நான்குக்கு 'ஷி' என்றும் ஓர் உச்சரிப்பு உண்டு. மரணத்துக்கும் அதே ஒலி. ஒன்பதின் 'கு' துன்பத்தைக் குறிக்கும் சொல்லைப் போலவே ஒலிக்கிறது. அதனால் யாருக்காவது பரிசு கொடுக்கும்போது நான்காகவோ ஒன்பதாகவோ கொடுக்காதீர்கள். சீப்பும் வேண்டாம். அதன் பெயர் 'குஷி', இரண்டு கெட்ட ஒலியும் சேர்ந்தே வருகிறது! சில மருத்துவமனைகளிலும் அடுக்குமாடிகளிலும் 4, 9 எண் அறைகளே இருக்காது. கார் நம்பர் பிளேட்டிலும் 42, 49 என்று முடியும் எண்களைப் பொதுவாகத் தருவதில்லை. எட்டு நம்மவர்களுக்குச் சனி, இவர்களுக்கோ அதிர்ஷ்டம். 八 என்ற எழுத்து கீழே போகப் போக விரிகிறதல்லவா, வாழ்வும் அப்படி விரியும் என்பார்கள்.

கல்யாண மொய்தான் புதிதாக வருபவர்களைத் திணறடிக்கும். உடன் வேலை பார்ப்பவர் கல்யாணத்துக்கு வழக்கமான தொகை 30,000 யென். மூன்று பத்தாயிரம் நோட்டு, அதுவும் மடிப்பில்லாத புது நோட்டு. முந்தின நாளே வங்கியில் மாற்றி வையுங்கள். நோட்டு இரட்டைப்படையில் இருந்தால் ஜோடி இரண்டாகப் பிரியுமாம். நூற்றியொன்று எழுதிப் பழகிய நமக்கு இது புரியாத கணக்கா என்ன? கையில் 20,000தான் என்றால் ஒரு பத்தாயிரமும் இரண்டு ஐயாயிரமுமாக வைத்து நோட்டை மூன்றாக்கிவிடுவார்கள். துக்க வீட்டுக்கு மட்டும் புது நோட்டு கூடாது, சாவுக்காகக் காத்திருந்து எடுத்து வைத்ததுபோல் ஆகிவிடும். புது நோட்டுதான் இருக்கிறதென்றால் ஒரு மடிப்பு மடித்துவிட்டு உறையில் போடுங்கள்.

சாப்பாட்டுக் கடையில் எத்தனை பேர் என்று கேட்டால், நான்கு பேர் என்பதற்கு 'யோநின்' என்று சொல்லுங்கள். 'ஷிநின்' என்றால் பிணம். ஆனால் நான்காம் மாதமான ஏப்ரல் மட்டும் எல்லோர் வாயிலும் 'ஷிகட்சு'தான். பள்ளிக்கூடம் புது வருஷத்தைத் தொடங்குவதும் அந்த மாதத்தில்தான்.